நிழலில்லா நண்பகலும் அறுபது ஸ்லைட்டும்

அறிவியல் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் போவது பற்றி இந்த முறை கூடுதலான கடிதங்கள். பலரும் ‘அவுட்ரீச்’ என்றே எழுதியிருப்பதால் நாங்களும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம். ‘பரப்புரை’ என்று போட்டால் நம் ஊரில் தேர்தல் நோட்டீஸ்தான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று வருடம். பதவியுயர்வுக் கோவைக்கு அவுட்ரீச் பட்டியல் தயாரிக்கிறேன். சர்வதேச மாநாட்டில் கட்டுரை வாசித்தது, பாடசாலையில் பேசியது, பத்திரிகையில் எழுதியது, பீடத்தின் திறந்த நாளில் நின்றது, முகநூல் பதிவுகள், அமைச்சின் குழுவொன்றில் இருப்பது. இவற்றில் எவை சேரும்?
– விரிவுரையாளர், தெஹிவளை

பதில்: மாநாட்டை முதலில் வெட்டுங்கள். அங்கே இருந்தவர்கள் உங்கள் துறைக்காரர்கள். அது ஆய்வின் பாகம், அதற்குரிய புள்ளி அந்தத் தலைப்பிலேயே கிடைக்கும். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதினால் கோவையைப் பார்ப்பவருக்கு மற்ற வரிகளிலும் சந்தேகம் வந்துவிடும். அமைச்சுக் குழுவும் அவுட்ரீச் இல்லை. அது நிபுணர் ஆலோசனை. பல்கலைக்கழகப் பதவியுயர்வுத் திட்டத்தில் கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு அறிவைப் பரப்புதலும் தேசிய அபிவிருத்திக்கான பங்களிப்பும் என்று மூன்றாவது பகுதி ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் ஆலோசனையை ஒரு வரியிலும் அவுட்ரீச்சை இன்னொரு வரியிலும் பிரித்து எழுதுங்கள்.

பாடசாலைப் பேச்சும் பத்திரிகைக் கட்டுரையும் சேரும். திறந்த நாளில்தான் சிக்கல். ‘நின்றது’ என்கிறீர்கள், எதற்காக நின்றீர்கள்? வந்தவர்களுக்கு நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலின் கலங்களைக் காட்டி, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள் என்றால் அவுட்ரீச். எந்தப் பட்டப்படிப்புக்கு எவ்வளவு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) வேண்டும் என்று விளக்கினீர்கள் என்றால் அது ஆட்சேர்ப்பு. முகநூலும் அப்படித்தான். பதிவு மட்டும் போடுவது அறிவித்தல் பலகை. கீழே வரும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறவர் என்றால் தாராளமாகச் சேருங்கள். எத்தனை லைக் என்பதை விட்டுவிட்டு, வந்த கேள்விகளில் இரண்டை உங்கள் பதிலோடு இணையுங்கள்.

நாங்கள் பார்ப்பது இரண்டு விடயம். எதிரில் இருந்தவர் அந்தத் துறையால் பிழைப்பவராக இருக்கக்கூடாது. அவர் வாய் திறக்க இடம் இருக்கவேண்டும். இரண்டாவதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அது பழைய வழக்கு. 1985 இல் பிரித்தானியாவின் விஞ்ஞானக் கழகமான றோயல் சொசைற்றி, வோல்டர் பொட்மர் தலைமையில் ஒரு அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு விஞ்ஞானம் விளங்கவேண்டும், விளக்குவது விஞ்ஞானியின் கடமை என்றது அது. கடமை சரிதான். ஆனால் அதைக் கையிலெடுத்த பலர் மக்களை வெற்றுக்குடமாக நினைத்து ஊற்றத் தொடங்கினார்கள். பிறகு 1996 இல் பைத்தியப் பசு நோய் விவகாரம் வெடித்தது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்த அரசு, மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. மக்கள் பயந்ததற்கு அறியாமை காரணம் இல்லை, நம்பிக்கை போனதுதான் காரணம். 2000 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் குழு, விளக்கவுரை போதாது, உரையாடல் வேண்டும் என்று எழுதியது இந்தப் பின்னணியில்தான்.

கேள்வி: வெள்ளவத்தையில் பல்கலைக்கழக ஆட்கள் உயர்தர மாணவருக்கு இலவச இரசாயனவியல் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அது அவுட்ரீச்சா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: காசு வாங்காத ரியூசன். நல்ல காரியம், பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் கடந்தகால வினாத்தாளைச் செய்து காட்டும் இடத்தில் பிள்ளை கேட்கும் ஒரே கேள்வி, ‘சேர், இது சோதனைக்கு வருமா?’ அதைத் தாண்டி வேறு கேள்வி எழும்பும் கருத்தரங்கு என்றால் எங்களுக்கும் எழுதுங்கள்.

கேள்வி: விஞ்ஞான தினத்துக்கு ஒரு பேராசிரியரை அழைத்தோம். அறுபது ஸ்லைட். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் எல்லாரும் தூக்கம். அடுத்தமுறை வருபவரிடம் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது?
– ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: வந்த பிறகு சொல்லமுடியாது, அழைப்புக் கடிதத்தில் சொல்லவேண்டும். ‘தங்களுக்கு விரும்பிய தலைப்பில் சிறப்புரை ஆற்றுமாறு’ என்று எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் அவர் கையில் இருக்கும் மாநாட்டு ஸ்லைட்டைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். அவரில் பிழை இல்லை.

கடிதத்தில் இதைச் சேருங்கள்: ‘கேட்பவர்கள் தரம் 9, 10 மாணவர்கள், 80 பேர், தமிழ்மொழி மூலம். கலப்பிரிவு இன்னும் படிக்கவில்லை. தாங்கள் 20 நிமிடம் பேசி, அடுத்த 20 நிமிடம் மாணவர் கேள்விகளுக்குப் பதில் தரவேண்டும் என்பது எங்கள் விருப்பம். மாணவர்கள் எழுதிய பத்துக் கேள்விகளை இத்துடன் இணைத்துள்ளோம்.’ அந்தப் பத்துக் கேள்விதான் சூட்சுமம். ஒரு கிழமைக்கு முன்னரே துண்டுக் கடதாசியில் வாங்குங்கள், எழுத்துப்பிழையோடு அப்படியே அனுப்புங்கள். ஆசிரியர் திருத்தி அழகாக்கிய கேள்வியைப் பார்த்தால் பேச வருபவருக்குப் பிள்ளைகளின் உயரம் தெரியாது.

இருபது நிமிடத்துக்குப் பத்து ஸ்லைட் தாராளம். யன்னல் திறந்த மண்டபத்தில் பகல் வெளிச்சம் புரொஜெக்டரைத் தின்றுவிடும். கறுப்புப் பின்னணியில் நீல எழுத்துப் போட்டால் பின்வரிசைக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளையில் கறுப்பு, பெரிய எழுத்து, ஒரு ஸ்லைட்டில் ஒரு படம். அதோடு, திரை இருக்கும் பக்கத்து யன்னல்களுக்காவது சீலை கட்டுங்கள்.

நிகழ்ச்சி நிரலையும் ஒருமுறை பாருங்கள். மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, அதிபர் உரை, வலயக் கல்விப் பணிமனையில் இருந்து வந்தவரின் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது பிள்ளைகள் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தாயிற்று. விளக்கேற்றிய கையோடு பேச்சை வையுங்கள். உரைகள் பின்னால் வரட்டும். பெரியவர்கள் காத்திருப்பார்கள்.

நானூறு பேரை மண்டபத்தில் அடைப்பதைவிட நாற்பது பேராக இரண்டு வகுப்பறை மேல். நானூறு பேரில் ஐந்து பேர்தான் கேள்வி கேட்கலாம், அந்த ஐந்து பேரும் மாணவத் தலைவர்களாகத்தான் இருப்பார்கள். முதல் கேள்வியை மிகச் சிறிய வகுப்புப் பிள்ளையிடம் வாங்குங்கள். ‘ஏதாவது கேள்வி இருக்கிறதா?’ என்று கேட்டபின் எழும் அமைதியில் ஆசிரியர்கள் பதறிப்போய் நன்றியுரைக்குத் தாவிவிடுகிறார்கள். மனத்துக்குள் முப்பது வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் ஒரு கை உயரும்.

கேள்வி: கொழும்பு 7 இல் நடக்கும் பொது விரிவுரைகள் அநேகமாக ஆங்கிலத்தில். தமிழில் பேசுபவர்களும் யூரியூப் தமிழில் பேசி எங்கள் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள். இதையும் அவுட்ரீச் என்று எண்ணலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கிழமை நாளில் பின்னேரம் நாலரைக்கு, ஆங்கிலத்தில், கொழும்பு 7 இல் என்றால் யார் வரமுடியும் என்று அழைப்பிதழே சொல்லிவிடுகிறது. பொது விரிவுரை என்ற பெயர் கதவைத் திறந்து வைத்திருப்பதைத்தான் காட்டுகிறது. உள்ளே யார் வந்தார்கள் என்பது வேறு கணக்கு.

யூரியூப் தமிழ் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. தமிழகத்துக் காணொளிகளில் ‘செல்’ என்பார்கள், நம் பாடநூலில் அது ‘கலம்’. அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். ஆக்சிஜன் ஒட்சிசன் ஆகும், மரபியல் பிறப்புரிமையியல் ஆகும், கொசு நுளம்பு ஆகும். எது சரி என்பதில் சண்டை வேண்டாம். தரம் 10 பிள்ளை ‘அழுத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக் கவலையை நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் பேச்சாளர் அடுத்த விடயத்துக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். பேசப் போகிறவர் அந்தத் தரத்தின் அரசாங்கப் பாடநூலை ஒருமுறை புரட்டி, தன் பேச்சில் வரும் பதினைந்து சொற்களை அதிலிருந்து எழுதிக்கொண்டால் போதும். பெரியவர்கள் கூட்டம் என்றால் முதல் தடவை இரண்டு சொல்லையும் சொல்லிவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளரை வைத்து வசனத்துக்கு வசனம் பெயர்த்தால் இருபது நிமிடப் பேச்சு நாற்பதாகும், பாதிக் கூட்டம் எப்போதும் காத்துக்கொண்டே இருக்கும். சிங்களம், தமிழ் இரண்டும் வேண்டும் என்றால் ஒரு மேடையைவிட இரண்டு மேசை நல்லது. ஒரே பொருள், ஒரே செய்முறை, ஆளுக்கொரு மொழி. இரண்டு மேசைக்கும் இடையில் பிள்ளைகள் தாமாகவே ஓடித் திரிவார்கள்.

கேள்வி: காலிமுகத்திடலில் போயா (பூரணை) தினத்தில் தொலைகாட்டி வைத்து மக்களுக்கு நிலவைக் காட்ட எங்கள் மாணவர் சங்கம் யோசிக்கிறது. விடுமுறை, கூட்டமும் வரும். ஆலோசனை?
– இளமாணி மாணவன், கொழும்பு

பதில்: கூட்டம் வரும், நிலவுதான் கெட்டுப்போகும். பூரணையில் சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் மலைக்கும் குழிக்கும் நிழல் இல்லை. தொலைகாட்டியில் கண்கூசும் வெள்ளைத் தட்டுத்தான் தெரியும். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகில் நிழல் நீளும், அங்கேதான் நிலவு அழகு. வளர்பிறை சப்தமி, அட்டமி நாட்களில் அந்தக் கோடு நடுவில் ஓடும். அதோடு பொழுதுபடும் நேரத்தில் நிலவு ஏறத்தாழ உச்சியில் நிற்கும், நள்ளிரவு வரை இருக்கும். அட்டமி நவமியில் எதையும் தொடங்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். நிலவு பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை என்று சொல்லிச் சமாளியுங்கள்.

பருவம் முக்கியம். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பு வானத்தை நம்பக்கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பரவாயில்லை. திடலில் கடற்காற்று முக்காலியை ஆட்டும். 50 மடங்கு பெருப்பித்தால் அந்த ஆட்டமும் 50 மடங்குதான். கால்களை விரித்துத் தாழ்வாக வைத்து, நடுவில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிடுங்கள். உப்புக்காற்று கண்ணாடியில் படியும். முகப்பு வில்லையை அங்கே வைத்துத் துடைத்தால் கீறிவிடும், மூடியைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொண்டால் ஒரு தொலைகாட்டியில் மணிக்கு 60 பேர். 200 பேர் வந்தால் கடைசி ஆள் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவேண்டும், நிற்கமாட்டார். மூன்று தொலைகாட்டியாவது வேண்டும். தானாகச் சுழலும் தாங்கி இல்லை என்றால், ஒரு பாகை அகலக் காட்சியில் நடுவில் வைத்த நிலவு இரண்டு நிமிடத்தில் பாதி வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு இரண்டாவது ஆளுக்கும் பிறகு திருத்துவதற்கென்றே ஒருவர் நிற்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு சிறு படி, எல்லாருக்கும் பிடிப்பதற்கு ஒரு கதிரை முதுகு வையுங்கள். இல்லாவிட்டால் தொலைகாட்டியைப் பிடிப்பார்கள். கண்வில்லையின் ரப்பர் வளையத்தை அடிக்கடி ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், கண்நோய் தொற்றும். பஞ்சு கண்ணாடியில் படக்கூடாது. பொழுது முழுதாகப் படும்வரை மூடியைக் கழற்றவே வேண்டாம். சூரியன் பக்கம் யாராவது ஒரு பிள்ளை திருப்பினால் கண் போய்விடும். திடலை நிர்வகிப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

இத்தனையும் செய்து, வருபவர்கள் பார்த்துவிட்டு ‘ஆ’ என்று போனால் அது கண்காட்சி. வரிசையில் நிற்கும்போது பேசுபவர் ஒருவர் வேண்டும். ‘அமெரிக்காக்காரன் நட்ட கொடி தெரியுமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்: நிலவு ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. விண்ணில் இருக்கும் ஹபிள் தொலைகாட்டியால்கூட நிலவில் ஏறத்தாழ 90 மீற்றருக்குச் சிறிய பொருளைப் பிரித்துக் காணமுடியாது. ஆகவே உங்கள் தொலைகாட்டியில் தெரிவதில் மிகச் சிறிய குழிகூட ஒரு ஊரளவு இருக்கும் என்று அங்கிருந்து தொடங்கலாம். அன்றைய இரவின் மிக நல்ல கேள்வி அதுதான்.

கேள்வி: நுளம்பு பற்றி ஆய்வு செய்கிறேன். டெங்கு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் 2,000 அச்சடித்து எங்கள் பகுதியில் கொடுத்தோம். மேற்பார்வையாளர் இது அவுட்ரீச் இல்லை என்கிறார்.
– ஆய்வு மாணவி, பொரளை

பதில்: அவர் கொஞ்சம் கறார். ஆனால் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டோம். ‘தண்ணீர் தேங்கவிடாதீர்கள்’ என்பது கொழும்பில் எல்லாருக்கும் மனப்பாடம். அதைத் திரும்பச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. பலருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஈடிஸ் நுளம்பு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை, நீர்மட்டத்துக்கு மேலே ஈரமான சுவரில் ஒட்டிவிடுகிறது. அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, திரும்ப நனையும்போது பொரிக்கும். ஆகவே வாளியைக் கவிழ்த்தால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். இதைப் பிரசுரத்தில் படித்தால் மறந்துபோகும். கண்ணால் பார்த்தால் மறக்காது.

முட்டைப்பொறி வையுங்கள். அரை லீற்றர் கொள்ளும் கறுப்புப் பிளாஸ்ரிக் கோப்பை, அல்லது உள்ளும் புறமும் கறுப்பு அடித்த ரின். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒரு துளை, மழையில் நிரம்பி வழியாமல் இருக்க. பாதியளவுக்கு, ஒரு நாள் வைத்த குழாய்த் தண்ணீர். ஹார்ட்போர்ட் பட்டி ஒன்று, இரண்டரை சென்ரிமீற்றர் அகலம், கோப்பையின் உயரத்துக்குச் சற்றுக் கூட. சொரசொரப்பான பக்கம் உள்ளே பார்க்கச் சாய்த்து வையுங்கள். நிழலில், நிலத்தோடு, காற்றடிக்காத மூலையில். ஞாயிறு வைத்தால் வெள்ளி எடுக்கவேண்டும். நம் வெக்கையில் முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் ஐந்து நாள் பாதுகாப்பான எல்லை. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையில் பட்டியைப் பார்த்தால் கறுப்பு நெல்மணிபோல, ஒரு மில்லிமீற்றரைவிடச் சிறிய முட்டைகள் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே வரிசையாகத் தெரியும். வீட்டுக்காரரே எண்ணட்டும். எண்ணி முடிந்ததும் பட்டியைக் கொதிநீரில் போடுங்கள், தண்ணீரை வெயில் படும் சீமெந்தில் ஊற்றுங்கள்.

பிழைக்கும் இடம் இதுதான்: வீட்டார் திடீரென்று ஊருக்குப் போய்விடுவார்கள், பொறி பத்து நாள் கிடந்து நுளம்புப் பண்ணை ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு கோப்பைக்கும் இலக்கம், எடுக்கவேண்டிய திகதி, உங்கள் தொலைபேசி எண். வெள்ளிக்கிழமை நீங்களே கதவைத் தட்டவேண்டும். நுளம்பு பெருக விடுவது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுத்து, பி.எச்.ஐ.யையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கூட்டிப்போங்கள். இல்லாவிட்டால் உங்கள் பொறிக்கு வீட்டுக்காரர் தண்டம் கட்டவேண்டிவரும்.

முடிவை ஒழுங்கைக்கே திருப்பிக் கொடுங்கள். ஆனால் வீட்டிலக்கம் போடாதீர்கள், பக்கத்து வீட்டோடு சண்டை மூளும். ஒழுங்கையின் மேற்குப் பாதி, கிழக்குப் பாதி என்று போட்டால் போதும். அப்போது ஒரு அம்மா சொல்வார், ‘எங்கள் பக்கம் பகலில் தண்ணீர் வராது பிள்ளை, அதுதான் வாளியில் பிடித்து வைக்கிறோம்’ என்று. உங்கள் ஆய்வுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. இனிமேல் போடுவீர்கள். பிரசுரம் கொடுத்தபோது இது உங்களுக்குக் கிடைத்ததா?

கேள்வி: நிகழ்ச்சிக்கு 300 பேர் வந்தார்கள் என்று கையொப்பத்தோடு காட்டியும் அனுசரணையாளர் ‘பயன் என்ன?’ என்கிறார். எதைக் காட்டுவது?
– சங்கச் செயலாளர், மருதானை

பதில்: அவர் கேட்பது நியாயம். கையொப்பம் தலையைத்தான் எண்ணும். பிரித்தானியாவில் பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும்போது சமூக விளைவுக்கு 2014 இல் 20 வீதமும் 2021 இல் 25 வீதமும் கொடுத்தார்கள். அங்கேயும் மக்களைச் சந்தித்தது தனியாக விளைவாக ஏற்கப்படவில்லை. சந்தித்ததால் என்ன மாறியது என்று ஆதாரம் கேட்டார்கள்.

மலிவான வழி: வாசலில் இரண்டு கண்ணாடிப் போத்தல், ‘ஆம்’, ‘இல்லை’. பக்கத்தில் ஒரு கேள்வி, உதாரணமாக ‘வாளித் தண்ணீரை ஊற்றினால் டெங்கு நுளம்பு முட்டை போய்விடுமா?’ உள்ளே வருபவர் கையில் ஒரேயொரு காய்ந்த கடலை கொடுத்துப் போடச் சொல்லுங்கள். போகும்போது அதே கேள்வி, வேறு இரண்டு போத்தல். கடலைக் கிண்ணத்தைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் கைநிறைய அள்ளிப் போடுவார்கள், பாதியைத் தின்றும் விடுவார்கள். ஆள் நின்று கொடுக்கவேண்டும். இடையில் எழுந்து போனவர்கள் இரண்டாவது கணக்கில் இருக்கமாட்டார்கள், அதை மறைக்காமல் எழுதுங்கள்.

‘நிகழ்ச்சி பிடித்திருந்ததா?’ என்று கேட்கவே வேண்டாம். தேத்தண்ணியும் வடையும் தந்தவர் முகத்துக்கு நேரே இல்லை என்று நம் ஊரில் யார் சொல்வார்? மூன்று கிழமைக்குப் பிறகு பத்துப் பேருக்குத் தொலைபேசி எடுத்து, ‘அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா?’ என்று கேட்டு எழுதிய ஒரு பக்கம் அந்தக் கையொப்பத் தாள்களைவிடப் பெறுமதி.

கேள்வி: பொதுமக்களுக்கு எழுதினால் சக விஞ்ஞானிகள் மதிப்பைக் குறைப்பார்களா?
– பெயர் வேண்டாம், கல்கிசை

பதில்: குறைத்த கதை உண்டு. தொலைக்காட்சியால் உலகறிந்த வானியலாளர் கார்ல் சேகனை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் சேர்க்க 1992 இல் முன்மொழிந்தபோது உறுப்பினர்கள் வாக்களித்து மறுத்தார்கள். அதே கழகம் 1994 இல் அவருக்குப் பொதுநலப் பதக்கம் கொடுத்தது. இங்கே வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி கிளார்க்குக்கு விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசென்றதற்காக யுனெஸ்கோவின் கலிங்க விருது 1961 ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தால், ஆய்வுக் கட்டுரை நின்றுபோய் அவுட்ரீச் மட்டும் நடந்தால்தான் பேச்சு எழும். முதலில் கட்டுரையை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: காசில்லாமல், புரொஜெக்டர் இல்லாமல், பாடசாலையில் ஒரு விஞ்ஞானி வந்து செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.
– அதிபர், வத்தளை

பதில்: நிழலில்லா நாள். கொழும்பின் அகலக்கோடு வடக்கு 6.9 பாகை. வருடத்தில் இரண்டு தடவை நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் 7 அல்லது 8, பிறகு செப்டெம்பர் 4, 5 அளவில். ஏப்ரலில் அந்தக் கணம் பிற்பகல் 12.12 அளவில் வரும். அந்த மாதத்தில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான், நண்பகல் கிடைத்துவிடும்.

கம்பம் நட்டுப் பார்ப்பதில் இரண்டு தொல்லை. கம்பம் அரைப் பாகை சரிந்தாலும் முடிவு ஒரு நாளுக்கு மேல் பிழைக்கும். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலம் உள்ள தட்டு என்பதால் நிழலின் நுனி ஒரு மீற்றரில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் மங்கும். அதனால் கம்பத்தை விடுங்கள். நிலத்திலிருந்து சரியாக ஒரு மீற்றர் உயரத்தில், மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு, தடித்த மட்டை ஒன்றைக் கிடையாக ஒட்டுங்கள். நடுவில் 3 மில்லிமீற்றர் துளை. அதன் வழியே நூலை விட்டு, மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் நுனி தொடும் இடத்தைக் கீழே விரித்த வெள்ளைத் தாளில் புள்ளி வைத்துவிட்டு நூலை எடுத்துவிடுங்கள். 12 மணிக்கே தாளில் 12 மில்லிமீற்றர் அளவான ஒளிவட்டம் விழும். அது சூரியனின் உருவம். நிமிடத்துக்கு நாலு மில்லிமீற்றருக்கு மேல் நகரும், பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பிள்ளை வட்டத்தின் நடுவைப் பென்சிலால் குறிக்கட்டும். யாரும் துளை வழியாக மேலே பார்க்கக்கூடாது. தாளுக்கு நாலு மூலையிலும் கல் வையுங்கள், மேசையில் யாரும் சாயக்கூடாது.

இன்னும் கொஞ்சம் ஆசை இருந்தால், பூமியின் சுற்றளவை அளக்க, யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையோடு வட்ஸ்அப்பில் பேசிவையுங்கள். இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் நண்பகல் ஒன்றாக வரும். இங்கே வட்டம் புள்ளிமேல் நிற்கும்போது அங்கே அது குறியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 4.8 சென்ரிமீற்றர் தள்ளி விழும். அது 2.75 பாகை. 360 ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 131. வரைபடத்தில் வடக்கு–தெற்காக அளந்த 303 கிலோமீற்றரால் பெருக்கினால் ஏறத்தாழ 39,700. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000. வீதித் தூரமான 400 கிலோமீற்றரைப் போட்டுப் பெருக்கும் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். பூமி 52,000 கிலோமீற்றராக வீங்கிவிடும். உடனே திருத்தாதீர்கள், ஏன் என்று மற்றக் குழு கேட்கட்டும்.

மேகம் மூடினால் மறுநாள் செய்யலாம். ஏப்ரலில் நாளுக்கு 6, 7 மில்லிமீற்றர்தான் தெற்கே விலகும் என்பதால் ஒரு நாள் பிந்தினால் புள்ளி வட்டத்தின் விளிம்பில் நிற்கும், இரண்டு நாள் பிந்தினால் வெளியே வந்துவிடும்.